முயலுக்குக் கோடரி, குருவிக்கு என்ன?

ஆறு மாதம் கனெக்டிகட்டில் மகள் வீட்டில் இருந்துவிட்டுச் சித்தப்பா ஊர் திரும்பிய மறுவாரம், டீ குடிக்கப் போயிருந்தேன். அமெரிக்காவைப் பற்றி அவர் மூட்டை கட்டிக் கொண்டுவந்திருந்த புகார்களில் முதலாவது டீ. "நூல் கட்டின பையைச் சுடுதண்ணியில முக்கி எடுத்துட்டு டீங்கறான்." இரண்டாவது, முயல்.

"வீட்டுக்குப் பின்னாடி காடு. தினமும் நடப்பேன். ஒரு நாள் போய்ப் பாத்தா இருபது ஏக்கர் மொட்டையடிச்சுக் கிடக்கு. ஓரத்துல போர்டு. முயலைக் காப்பாத்த வெட்டினோம்னு எழுதியிருக்கான். மரம் வெட்டினவன் சொல்ற சாக்கு எத்தனையோ கேட்டிருக்கேன்டா, இது புதுசு. அதுக்கடுத்த மாசம் வெர்மான்ட் மலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. மேல வரைக்கும் கார் போகுது. அங்க நாலு பிள்ளைங்க வலை கட்டிக் குருவி பிடிச்சுக் கால்ல வளையம் மாட்டிட்டிருந்தாங்க. அந்தக் குருவிக்காக அங்க ஒரு குச்சியை ஒடிக்கக்கூடாதாம். ஒரே நாடு, ரெண்டும் அருகிப்போன உயிர். ஒண்ணுக்குக் காட்டை வெட்டு, இன்னொண்ணுக்குத் தொடாதே. எதுடா நெசம்?"

"ரெண்டும் நெசம்தான் சித்தப்பா."

"தலைமை ஆசிரியரா இருந்தவன்கிட்ட இப்படி மழுப்பக் கூடாது. உக்காந்து சொல்லு."

சித்தி டம்ளர்களையும் ஒரு தட்டு நிறையத் தட்டையையும் வைத்துவிட்டுப் போனார். நான் முயலிலிருந்து தொடங்கினேன்.

நம் கடலைக்கொல்லையில் காலடிச் சத்தம் கேட்டதும் பாய்ந்தோடுவதையும் முயல் என்கிறோம், கூண்டில் வளர்க்கிற வெள்ளையையும் முயல் என்கிறோம். இரண்டும் வேறு சாதி. கொல்லை முயலின் குட்டி பிறக்கும்போதே உடம்பெல்லாம் ரோமத்தோடு, கண் திறந்து பிறக்கும். கூண்டு முயலின் குட்டிக்கு ரோமமும் இராது, கண்ணும் திறந்திராது. முன்னது ஓட்டத்தை நம்பிப் பிழைக்கிறது, பின்னது மறைவிடத்தை நம்பி. போர்டில் இருந்தது இந்த இரண்டாவது சாதி. வாலின் அடிப்பக்கம் பஞ்சு வைத்தாற்போல இருப்பதால் காட்டன்டெயில் என்று பெயர். முழுப்பெயர் நியூ இங்கிலாந்து காட்டன்டெயில். ஹட்சன் ஆற்றுக்குக் கிழக்கே அந்த மண்ணுக்கே உரிய பஞ்சுவால் முயல் இது ஒன்றுதான். ஒரு கிலோ எடை இருந்தால் பெரிய முயல்.

"என்னடா அருகிப்போச்சுங்கறே, புல்தரையில தினமும் அஞ்சாறு மேய்ஞ்சுதே!"

அது வேறு. கிழக்குக் காட்டன்டெயில் என்று ஒன்று இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து பல பத்தாண்டுகள், வேட்டைக்கு ஆகும் என்று ஆயிரக்கணக்கில் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டார்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் சட்டென்று அடையாளம் சொல்ல முடியாது. உள்ளூர் முயலுக்குக் காது சற்றுக் குட்டை, காதுகளுக்கு நடுவே பெரும்பாலும் ஒரு கறுப்புத் திட்டு. வந்த முயலுக்கு நெற்றியில் சில சமயம் வெள்ளைப் பொட்டு. இதை வைத்துச் சத்தியம் பண்ண முடியாது. அதனால் பனிக்காலத்தில் ஆய்வாளர்கள் வெண்பனிமேல் கிடக்கும் புழுக்கையைப் பொறுக்கிப்போய் மரபணு பார்த்துத்தான் எது எவ்விடம் என்று முடிவு செய்கிறார்கள்.

"புழுக்கை பொறுக்கச் சம்பளமா!" என்று சித்தப்பா வெகுநேரம் சிரித்தார்.

ஆனால் வெளியில் தெரியாத ஒரு வித்தியாசம் இருக்கிறது, எல்லாம் அதில்தான். வந்த முயலுக்குக் கண் பெரிது. நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் பொய் ஆந்தை ஒன்றைக் காட்டிச் சோதித்தார்கள். உள்ளூர் முயல் மிரண்ட தூரத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான தூரத்திலேயே வந்த முயல் மிரண்டுவிட்டது. ஆகவே அது உங்கள் மகள் வீட்டுப் புல்தரையில் துணிந்து மேயும். உள்ளூர் முயலுக்கு அந்தத் துணிச்சல் ஆகாது. ஆள் நுழைய முடியாத முள்தூறுக்குள் இருந்துகொண்டு, அதைவிட்டுச் சில அடி வெளியே வந்தாலும் திரும்பி ஓடுகிற பிராணி. பனிக்காலத்தில் வெள்ளையாக நிறம் மாறவும் அதற்குத் தெரியாது. வெண்பனியில் பழுப்பு முயல் என்றால், வெள்ளை வேட்டியில் குழம்பு சிந்தினதுபோல. நரி, கொயோட், ஆந்தை எல்லாருக்கும் தெரியும்.

"சரி, தூறு வேணும். காட்டுல தூறு இல்லாமயா போச்சு?"

"அந்தக் காட்டுக்குள்ள கல்லுச் சுவர் பாத்தீங்களா?"

பார்த்திருக்கிறார். முழங்கால் உயரத்தில், நடுக்காட்டில், எங்கிருந்தோ தொடங்கி எங்கேயோ முடிகிற சுவர்கள். யார் கட்டினார்கள், ஏன் கட்டினார்கள் என்று மருமகனைக் கேட்டு, மருமகன் தெரியாது என்றாராம். பதில் இதுதான்: அது காடே இல்லை, வயல். பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் குடியேறிய விவசாயிகள் காட்டை அழித்து, மண்ணில் கிடந்த கல்லையெல்லாம் பொறுக்கி வரப்பாக அடுக்கினார்கள். பிறகு மேற்கே ஒஹாயோ பக்கம் கல்லில்லாத கருப்பு மண் கிடைக்கிறது என்று தெரிந்ததும், ஆலைகளில் கூலி கிடைக்கிறது என்று தெரிந்ததும், நிலத்தைக் கரம்பாகப் போட்டுவிட்டுப் போனார்கள். கரம்பில் முதலில் புல், பிறகு முள், பிறகு இடுப்பளவு செடியும் இளமரமுமாக ஒரு புதர்க்காடு. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்த முயலுக்கு அப்படி ஒரு ராஜவாழ்க்கை. அதன்பின் இளமரங்கள் பெருமரங்களாகி, நிழல் விழுந்து, கீழே தூறு செத்துப்போனது. கரம்பாக மிச்சம் இருந்ததில் வீடுகள் எழும்பின. 1960க்குப் பிறகு மட்டும் அந்த முயல் வாழ்ந்த பரப்பில் 86 விழுக்காடு போய்விட்டது.

அதற்கும் முன்னால் விவசாயி இல்லாத காலத்தில் எப்படி வாழ்ந்தது என்று கேட்பீர்கள். அப்போது பீவர் என்ற பிராணி ஓடையை அடைத்துக் காட்டை மூழ்கடிக்கும். அணை உடைந்தால் அங்கே புதர் வளரும். காட்டுத்தீ வரும். பூர்வகுடிகளே தீ வைத்துக் காட்டைத் திறந்து வைப்பதும் உண்டு. கடற்கரை ஓரத்துப் புதரும் இருந்தது. பீவரைத் தோலுக்காக வேட்டையாடித் தீர்த்தார்கள், தீயை அணைக்கப் பழகிக்கொண்டார்கள். தூறு உண்டாக்குகிற வேலையாட்களை எல்லாம் அனுப்பிவிட்ட பிறகு, அந்த வேலையை யாராவது செய்தாக வேண்டும். அதைத்தான் நீங்கள் பார்த்த ரம்பம் செய்தது.

சித்தப்பா ஒரு தட்டையை ஒடித்தார். முழுதாக ஏற்றுக்கொள்ளாதபோது அவர் எதையாவது ஒடிப்பார். நான் தட்டிலிருந்து மூன்று நான்கு துண்டுகளை எடுத்து மேசைமேல் தள்ளித் தள்ளி வைத்தேன்.

"இதெல்லாம் தூறு. நடுவுல இருக்கற மேசை ரோடும் புல்தரையும். சின்னத் துண்டு ஆறு ஏக்கர்னு வைங்க. பனிக்காலத்துல அங்க தீனி சீக்கிரம் தீந்துடும். பட்டையும் குச்சியும் தின்னு மெலிஞ்ச முயல் தீனி தேடி விளிம்புக்கு வரும். நரி அங்கதான் காத்திருக்கும். ஆறு ஏக்கர் துண்டுக்குப் போற முயல் சாகப் போற முயல். இருபத்தஞ்சு ஏக்கருக்கு மேல இருந்தா நிலைக்கும்."

அதனால்தான் வெட்டுவது வீட்டுத்தோட்ட அளவுக்கு இல்லாமல் இருபது முப்பது ஏக்கராக இருக்கிறது. வெட்டி முடித்த புதிதில் போர்க்களம்போலத்தான் தெரியும். கொஞ்ச வருடம் போனால் தூறு, இன்னும் போனால் மறுபடி காடு. மறுபடி வெட்டவேண்டும். இது காட்டைக் காப்பதைவிடத் தோட்டம் வைப்பதற்குப் பக்கம். இதில் எனக்கு ஒரு சின்ன உறுத்தல் உண்டு. தோட்டக்காரன் போய்விட்டால் தோட்டம் என்ன ஆகும் என்பது. ஆனால் வேலை பலித்திருக்கிறது. 2006இல் அரசின் அழிவாபத்துப் பட்டியலுக்கு வேட்பாளராக நின்ற முயல் இது. மாநில அரசுகள், தனியார் நிலக்காரர்கள், வேட்டைக்காரர்கள் என்று எல்லாரும் சேர்ந்து தூறு வளர்த்தார்கள். பிராவிடன்ஸ் நகரத்து ரோஜர் வில்லியம்ஸ் பூங்காவின் விலங்குக்காட்சி சாலையில் குட்டி போட வைத்து, நாரகான்செட் விரிகுடாவில் பேஷன்ஸ் என்ற குட்டித் தீவில் விட்டுப் பெருக்கினார்கள். பேஷன்ஸ் என்றால் பொறுமை; முயல் வளர்க்க ஏற்ற பெயர். 2015 செப்டம்பரில், சுமார் பத்தாயிரம் முயல் இருக்கிறது, வேலையும் நடக்கிறது, பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை என்று அரசு அறிவித்தது. மறு வருடம் கிரேட் திக்கெட் என்ற பெயரில், அதாவது பெருந்தூறு என்றே, ஒரு சரணாலயத்தையும் உண்டாக்கினார்கள். புதருக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கும் கிடைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

"சரி, முயலை ஒத்துக்கறேன். குருவி?"

டீ ஆறியிருந்தது. சித்தி மறுபடி சுடவைக்கப் போனார்.

வெர்மான்டில் மான்ஸ்ஃபீல்ட் மலையில் அவர் பார்த்தது பிக்னெல் பூங்குருவி. நம் சீகாரப் பூங்குருவிக்குத் தூரத்துச் சொந்தம் என்று பெயரளவில் சொல்லலாம். எடை முப்பது கிராமுக்குள். முதுகு பழுப்பு, நெஞ்சில் மங்கலான புள்ளி. அழகு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. பாட்டு மட்டும் அந்தி மங்குகிற நேரத்தில் மூக்கால் ஊதிய குழல்போலச் சுழன்று சுழன்று ஒலிக்கும். 1881 ஜூனில் நியூயார்க் மாநிலத்து ஸ்லைட் மலையில் யூஜின் பிக்னெல் என்ற இளைஞர் இதை முதலில் கண்டார். வேறொரு பூங்குருவியின் கிளை என்றே நூறு வருடத்துக்கு மேல் எழுதி வைத்திருந்தார்கள். தனி இனம் என்று ஏற்றுக்கொண்டது 1995இல்தான். நம் நீலகிரியிலும் ஆனைமலையிலும் இருக்கிற சோலைக்குருவிகளுக்கும் இதே கதை. எங்கெங்கோ சேர்த்து வைத்திருந்துவிட்டு, 2017இல் 'சோலிகோலா' என்று தனிப் பேரினம் கொடுத்தார்கள். சோலை என்ற நம் சொல் லத்தீன் பெயருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று. நடுவிலிருக்கிற பள்ளம் அவற்றுக்குக் கடல் மாதிரி. பிக்னெல் பூங்குருவிக்கும் ஒவ்வொரு மலையுச்சியும் ஒரு தீவு. அமெரிக்கப் பக்கத்தில் ஏறக்குறைய மூவாயிரம் அடிக்கு மேலே, பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரம் குட்டையாக, நெருக்கமாக, கை நுழையாதபடி நிற்கிற இடத்தில்தான் கூடு கட்டும்.

"நெருக்கமா, கை நுழையாம..." என்றார் சித்தப்பா. "அதுவும் தூறுதானேடா?"

ஆசிரியர் ஆசிரியர்தான். நான் பத்து நிமிடம் கழித்துச் சொல்லலாம் என்று வைத்திருந்ததை அவரே பிடித்துவிட்டார். ஆமாம், முயலும் குருவியும் கேட்பது ஏறக்குறைய ஒன்றைத்தான்: அடிபட்டு மறுபடி தளிர்க்கிற அடர்த்தி. யார் அடிக்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அடிவாரத்தில் அடிக்கிற கை மனிதனுடையது. உச்சியில் காற்றும் பனிக்கட்டியும் அடிக்கின்றன. மேட்டில் வீசும் காற்றில் ஒரு வரிசை ஃபிர் பட்டுப்போனால், அடுத்த வரிசை காற்றுக்கு வெளிப்பட்டு அதுவும் பட்டுப்போகும். பின்னால் நாற்றுகள் கிளம்பும். இப்படிப் பட்டைப் பட்டையாகக் காடு சாவதும் முளைப்பதும் அலைபோல மலைமேல் நகர்கிறது. அங்கே ரம்பத்துக்கு வேலை இல்லை. நடந்துகொண்டிருக்கிற வேலையில் கை வைத்தால் கெடும்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்லவேண்டும். கனடாவில், கியூபெக்கிலும் நியூ பிரன்ஸ்விக்கிலும், மரக் கம்பெனிகள் மொட்டையடித்த மலைச்சரிவுகளில் இளஃபிர் அடர்த்தியாக எழும்பும்போது இந்தக் குருவி அங்கேயும் வந்துவிடுகிறது. பிறகு மரம் பருக்கவேண்டும் என்று கம்பெனி இடையிடையே களைந்துவிட்டால் போய்விடுகிறது. ஆக, குச்சியை ஒடிக்காதே என்ற சட்டமும் எல்லா இடத்துக்கும் பொருந்தாது.

இந்தக் குருவியின் குடும்ப விஷயம் தனி. ஒரு கூட்டில் இருக்கும் மூன்று நான்கு குஞ்சுகளுக்குப் பெரும்பாலும் அப்பா ஒருவர் இல்லை. பெண் பல ஆண்களோடு சேர்கிறது. ஒரு கூட்டுக்கு இரண்டு மூன்று ஆண்கள் புழு கொண்டுவந்து ஊட்டுவதும், ஓர் ஆண் இரண்டு கூடுகளுக்கு ஓடுவதும் சகஜம். சித்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "ஆம்பளைங்க ரெண்டு வீட்டுக்கும் சாமான் வாங்கிப் போடணுமா? நல்ல ஏற்பாடுதான்" என்றார்.

கூட்டுக்கு எமன் செவ்வணில். நம் மாமரம் ஒரு வருடம் காய்த்துத் தள்ளிவிட்டு மறுவருடம் சும்மா நிற்கிறதல்லவா, அப்படித்தான் அந்த ஃபிர் மரமும். மலை முழுக்க ஒரே வருடத்தில் கூம்புகள் காய்க்கும். காய்த்த இலையுதிர் காலத்தில் அணில் வயிறு நிரம்பிப் பெருகும். அடுத்த கோடையில் பெருகின அணிலுக்குக் கூம்பு இராது, குருவி முட்டை இருக்கும். அந்த வருடம் பெரும்பாலான கூடுகள் பாழ். அதற்கடுத்த வருடம் அணில் குறைந்திருக்கும், குஞ்சுகள் தப்பும். ஒன்று விட்டு ஒன்று என்கிற இந்தக் கணக்கில்தான் பூங்குருவி காலம் தள்ளுகிறது. மரத்தின் அந்த முறை குழம்பினால் கணக்கும் குழம்பும்.

"முயலுக்கு ஒரு தூறு போதும். இதுக்கும் ஒரு மலை போதும்னு நினைச்சேன்" என்றார் சித்தப்பா.

போதாது. அதுதான் விஷயமே. முயல் பிறந்த தூறுக்குப் பக்கத்திலேயே செத்துப்போகும். குருவி இலையுதிர் காலத்தில் கிளம்பித் தெற்கே கரீபியன் தீவுகளுக்குப் பறக்கிறது. கியூபா, ஜமைக்கா மலைகளிலும் கொஞ்சம் உண்டு. பெரும்பங்கு ஹிஸ்பானியோலாவில், அதாவது ஹைட்டியும் டொமினிகன் குடியரசும் பங்குபோட்டுக்கொண்ட தீவில். அங்கே மலைமேல் இருக்கும் ஈரக்காட்டில் பனிக்காலம் கழிகிறது. அந்தக் காடு ஹைட்டியில் கரிக்கும் கொல்லைக்கும் பெரும்பகுதி போய்விட்டது. எல்லைக்கு இந்தப் பக்கம் டொமினிகன் மலைகளிலும் குறைந்துகொண்டு வருகிறது. இன்னொரு சங்கடமும் உண்டு. உயரத்துக் காட்டை ஆண்கள் பிடித்துக்கொள்கின்றன. பெண்கள் அதிகம் இருப்பது அதற்குக் கீழே, மனிதக் கை முதலில் எட்டுகிற காட்டில். பிறக்குமிடத்தில் ஆண்கள் அதிகமாகவும் பெண்கள் குறைவாகவும் இருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள்.

ஆறுதலான சங்கதி ஒன்று. 2012இல் டொமினிகன் குடியரசில் ஒரு தனியார் சரணாலயம் தொடங்கினார்கள். ஏறக்குறைய ஆயிரம் ஏக்கர். ஸ்பானிய மொழியில் பூங்குருவியைக் குறிக்கும் 'சோர்சால்' என்பதே அதன் பெயர். பெரும்பகுதியைக் காடாகவே விட்டுவிட்டு, மிச்சத்தில் கோகோ பயிரிட்டு, சாக்லேட் செய்பவர்களுக்கு விற்கிறார்கள். வெர்மான்ட் குருவிக்குத் தூரத்துத் தீவில் கோகோ தோட்டம் சோறு போடுகிறது. "இதை முதல்லயே சொல்லியிருந்தா மகள்கிட்ட அந்தச் சாக்லேட்டா வாங்கிட்டு வரச் சொல்லியிருப்பேனே" என்றார் சித்தப்பா. அவர் கொண்டுவந்த சாக்லேட்டைத் தெரு முழுக்க ஏற்கெனவே கொடுத்துத் தீர்த்திருந்தார்.

"எத்தனை இருக்கும் அது?"

"ஒரு லட்சத்தை ஒட்டி இருக்கும்கறாங்க."

"முயல் பத்தாயிரம், குருவி லட்சம். அப்போ முயலுக்குத்தானே அதிகமா கவலைப்படணும்?"

அங்கேதான் நான் சித்தப்பாவோடு சேரவில்லை. எண்ணிக்கையை வைத்து யார் ஏழை என்று சொல்லிவிடலாம், யாருக்கு ஆபத்து என்று சொல்லிவிட முடியாது. பத்தாயிரம் முயலுக்கு என்ன வேண்டும் என்று தெரியும். அதைச் செய்கிற ஆளும் ரம்பமும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஒரு நிலக்காரரை டீ வாங்கிக் கொடுத்துச் சம்மதிக்க வைத்தால் முப்பது ஏக்கர் தூறு கிடைத்துவிடும். குருவிக்காக யாரைச் சம்மதிக்க வைப்பது? வெயில் ஏற ஏறக் கீழே இருக்கும் அகன்ற இலைக் காடு மலைமேல் ஏறுகிறது, ஃபிர் மேலே ஒதுங்குகிறது. மலைக்கு உச்சிக்குமேல் இடம் கிடையாது. மாசசூசெட்ஸின் மிக உயர்ந்த மலையான கிரேலாக்கில் முன்பு கூடு கட்டிக்கொண்டிருந்தது, இப்போது இல்லை. தூரத்து அனல்மின் நிலையங்களின் புகையில் வந்த பாதரசம் அந்த உச்சிகளில் இருக்கும் குருவியின் ரத்தத்தில் கிடைத்திருக்கிறது. எந்தச் சுவரும் எந்தப் போர்டும் இதைத் தடுக்காது.

2017இல் இந்தக் குருவிக்கும் அரசு அதே பதிலைச் சொன்னது: பட்டியலில் சேர்க்கத் தேவையில்லை. முயலுக்குச் சொன்ன அதே வார்த்தை. முயலுக்கு அது, வேலை நடந்துகொண்டிருக்கிறது என்ற அர்த்தத்தில். குருவிக்கு, இப்போதைக்கு அந்த அளவுக்கு ஆபத்து நிரூபணமாகவில்லை என்ற அர்த்தத்தில். கனடா அதை ஆபத்துக்குள்ளான இனம் என்றுதான் வைத்திருக்கிறது. இரண்டு டாக்டர்கள் 'ஒன்றுமில்லை' என்பதில் ஒருவர் மருந்து கொடுத்துவிட்டுச் சொல்வார், இன்னொருவர் ரிப்போர்ட் வரட்டும் என்று சொல்வார். நான் முதலாமவரை நம்பிப் படுத்துத் தூங்குவேன்.

இரண்டாம் டீ வந்தது. அதில் இஞ்சி கொஞ்சம் தூக்கல். சித்தப்பா ஒன்றும் பேசாமல் குடித்தார். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனைக் கையை நீட்டித் தூரப் பிடித்து, மகளுக்கு வீடியோ கால் போட்டார். அங்கே காலை ஏழரை.

"அம்மாடி, பின்னாடி வெட்டிப்போட்டிருந்தாங்களே, அந்தப் பக்கம் போனியா? இப்ப எப்படி இருக்கு?"

"அசிங்கமா இருக்குப்பா. முள்ளு, கொடி, என்னென்னவோ செடி, இடுப்பு உயரத்துக்கு மண்டிக் கிடக்கு. நாயைக் கூட்டிட்டுப் போனா உள்ள நுழைய மாட்டேங்குது."

"முயல் இருக்கா?"

"எப்படிப்பா தெரியும்? உள்ள கண்ணே போகலையே."

சித்தப்பா போனைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். "கண்ணு போகலையாம்டா" என்றார், பரீட்சை முடிவு வந்ததுபோல.